ஒரு சோழி, எட்டுப் புளியங்கொட்டை

தென்னூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. தாத்தா இறந்த பிறகு அந்த மாடுகளை வைத்துத்தான் அப்பாயி குடும்பத்தை நடத்தினார். விடியற்காலையில் கறந்த பாலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தென்னூர், புத்தூர்த் தெருக்களில் எட்டு வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். ஏழு வயதில் நான் அவருக்குத் துணை. பால் ஊற்றியதும் அந்தந்த வீட்டுக் கொல்லைச் சுவரில் கரித்துண்டால் ஒரு குறி போடுவார். ஆழாக்குக்கு ஒரு புள்ளி. உழக்குக்கு ஒரு கோடு. உரிக்கு ஒரு பெருக்கல் குறி. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேலை இருந்தது. அடுப்படி மாடத்தில் எட்டுக் கொட்டாங்கச்சிகள் வரிசையாக இருக்கும், வீட்டுக்கு ஒன்று. அன்றைக்கு ஊற்றிய ஒவ்வோர் ஆழாக்குக்கும் ஒரு புளியங்கொட்டையை உரிய கொட்டாங்கச்சியில் போடுவார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, எட்டுப் புளியங்கொட்டை சேர்ந்தால் ஒரு படி. எட்டு சேர்ந்ததும் அவற்றை எடுத்துவிட்டு ஒரு சோழி போடுவார். மாதக் கடைசியில் சோழிகளை எண்ணினால் படி, மிஞ்சிய கொட்டைகளை எண்ணினால் ஆழாக்கு.

1973 மார்கழியில் ஒரு வீட்டில் பொங்கலுக்காக வெள்ளையடித்துவிட்டார்கள். சுவரில் இருந்த 27 நாள் கணக்கு சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. அவர்களுக்குத் தினமும் ஓர் உழக்கும் ஓர் ஆழாக்கும். நான்கு நாள் விருந்தாளி வந்ததால் உழக்கு கூடுதல். அப்பாயி கொட்டாங்கச்சியை எடுத்துப் போய் அந்த வீட்டுத் திண்ணையில் கவிழ்த்தார். பதினோரு சோழி, ஒரு புளியங்கொட்டை. பதினோரு படி, ஓர் ஆழாக்கு. வீட்டுக்காரர் சிரித்தார். "ஏம்மா, புளியங்கொட்டைய வச்சுக் கணக்குச் சொன்னா யாரு ஒத்துக்குவா? எழுத்துல இருந்தாக் கொண்டா" என்றார். பத்துப் படிக்குக் காசு கொடுத்தார். திரும்பி வரும்போது அப்பாயி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒம்போது ஆழாக்கு போச்சு, ஆத்தா."

ஒன்பது என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 27 நாளுக்கு மூன்று மூன்றாக 81. விருந்து நாள்களுக்கு எட்டு. மொத்தம் 89. பத்துப் படிக்கு 80 போனால் மிச்சம் 9.

நான் கணினி அறிவியல் ஆசிரியை ஆனேன். முதலாண்டு மாணவிகளுக்குக் கணினியின் வரலாற்றை நடத்தும்போது பாடப்புத்தகத்தில் இருக்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான்: மணிச்சட்டம், நேப்பியரின் எலும்புகள், பாஸ்கல், லைப்னிட்ஸ், பாபேஜ். 1843-இல் பாபேஜின் இயந்திரத்துக்குக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸுக்கு இரண்டு வரி. ஒருமுறை லால்குடிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேம், இந்த லிஸ்ட்ல நம்ம ஊரு ஒண்ணுகூட இல்லையா? பொம்பளைங்க ஒரே ஒருத்தர்தானா?" அந்தக் கேள்விக்கு நான் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்.

எண்ணுவதற்கான மிகப் பழைய கருவி கீறல். பொருளுக்கு ஒரு கீறல், நாளுக்கு ஒரு கீறல். ஆப்பிரிக்காவில் காங்கோவின் இஷாங்கோ என்ற இடத்தில் 1950-இல் கிடைத்த ஓர் எலும்பில் கீறல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அதன் வயது சுமார் 20,000 ஆண்டு. அதைவிடப் பழையது தென்னாப்பிரிக்க எல்லையில் லெபோம்போ மலைக் குகையில் கிடைத்த எலும்பு. அதில் 29 கீறல்கள். 29 என்பது ஒரு நிலவு மாதத்தின் அளவு, மாதவிடாய்ச் சுழற்சிக்கும் நெருங்கிய எண். ஆகவே நாள்காட்டி வைத்திருந்த முதல் ஆள் ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று கணித ஆசிரியை கிளாடியா சாஸ்லாவ்ஸ்கி எழுதினார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் லெபோம்போ எலும்பின் ஒரு முனை உடைந்திருக்கிறது. உடைந்த பகுதியில் மேலும் கீறல்கள் இருந்திருக்கலாம். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக உடைந்த எலும்பின்மேல் வீடு கட்டவேண்டிய தேவை நமக்கு இல்லை. நம்மிடம் வேறு சான்று இருக்கிறது.

திருக்குறளில் 1261-ஆம் குறளைப் பாருங்கள். பிரிந்து போனவன் திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருக்கும் பெண், அவன் போன நாள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்து போகிறாள். சுவரில் குறியிட்டு எண்ணுகிறாள் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். பள்ளியில் இதைக் காதலின் வலி என்று மட்டும் படித்தோம். வலி இருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே ஒரு தொழில்நுட்பமும் இருக்கிறது: நாளுக்கு ஒரு குறி, சுவர் ஒரு பேரேடு, விரல் ஒரு எழுதுகோல். அப்பாயியின் கரித்துண்டுக்கு அத்தனை நீளமான வமிசம் உண்டு.

சோழியின் வமிசமும் நீளமானது. அதைப் பற்றி எழுதி வைத்தவர்கள் வெளிநாட்டு ஆண்கள்.

முதலாமவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்து போவதைப் பார்க்கக் கப்பலேறியவர். 1761-இல் கடலில் அகப்பட்டுக்கொண்டதால் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த முறைக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக இருந்தபோது மேகம் மறைத்துவிட்டது. காத்திருந்த நாள்களில் அவர் தமிழர்களின் வானியலைக் கற்றார். பேனாவும் காகிதமும் இல்லாமல், சோழிகளைத் தரையில் அடுக்கி நகர்த்தி, அவர்கள் கிரகணம் கணிக்கும் வேகத்தைக் கண்டு வியந்து எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ் முறையில் கணித்தது 41 விநாடி குறைவாக இருந்தது. அன்றைய ஐரோப்பாவில் பெயர்பெற்ற தோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி கணித்தது 68 விநாடி கூடுதலாக இருந்தது.

இரண்டாமவர் ஜான் வாரன். ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர். சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். 1825-இல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' என்ற அவருடைய நூலில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுகிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான சொற்களைச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். 1950-களில் ஆட்டோ நியூகெபவர் என்ற வரலாற்றறிஞர் இதைத் தோண்டி எடுத்துப் பேசினார். அவருக்குப் பிசகு பெரிதாகத் தெரியவில்லை. பாபிலோனியக் களிமண் பலகைகளில் உள்ள கணித முறையின் சாயலை, ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு தமிழரின் சோழிகளில் கண்டதுதான் அவருக்குப் பெரிது.

அந்தச் சொற்களுக்கு வாக்கியங்கள் என்று பெயர். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம் தெரியாமல் இருக்காது. சனிப்பெயர்ச்சி வரும்போதெல்லாம் வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றும் பேச்சு எழும். வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்பது அவ்வளவு தெரியாது. எளிமையாகச் சொல்கிறேன்.

நிலவு ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது வேகம் கூடும், விலகும்போது குறையும். ஒருமுறை வேகம் உச்சமான நாளிலிருந்து மறுமுறை உச்சமாகும் வரை ஏறக்குறைய 27.55 நாள். அரைகுறை எண். ஆனால் அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் நிலவின் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்கள் இருந்தால் போதும். 249-ஆம் நாளுக்கு முதல் வாக்கியத்துக்கே திரும்பலாம். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, எண்களைச் சொற்களாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார்கள். வரருசி செய்தது என்று மரபு சொல்கிறது. இன்றைக்கு எந்த வாக்கியம் என்று அறிய, தொடக்க நாளிலிருந்து கழிந்த நாள்களில் 12372-ஐ எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை கழிக்க வேண்டும். மீதியில் 3031-ஐ, அதன் மீதியில் 248-ஐ. கடைசியில் மிஞ்சுவதுதான் வாக்கியத்தின் வரிசை எண். முழுச் சுற்றுகளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வது. சோழிகள் அந்தக் கழித்தலுக்குத்தான்.

இந்த இடத்தில் கிரேக்கத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1901-இல் ஆண்டிகித்தரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து துருப்பிடித்த வெண்கலக் கட்டி ஒன்று கிடைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பற்சக்கரப் பெட்டி அது. 30 சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. கைப்பிடியைச் சுற்றினால் சூரியனும் நிலவும் எங்கே இருக்கும் என்று முள் காட்டும். அதில் ஒரு சக்கரத்தின் முளை இன்னொரு சக்கரத்தின் காடியில் ஓடும்படி, மையம் சற்று விலக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நிலவின் முள் ஒருபோது வேகமாகவும் ஒருபோது மெதுவாகவும் போகும். நம் 248 வாக்கியங்கள் தீர்த்த அதே கணக்கு. இந்தப் பெட்டியைத்தான் உலகின் முதல் அனலாக் கணினி என்கிறார்கள்.

அனலாக் என்றால் என்ன, டிஜிட்டல் என்றால் என்ன? சோழி எண்ணிக்கையில் வேலை செய்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றரைச் சோழி கிடையாது. அது டிஜிட்டல். பற்சக்கரப் பெட்டியில் நிலவு ஒரு முள்ளாகிறது, வானத்தில் அது போகும் தூரம் முள் திரும்பும் கோணமாகிறது. ஓர் அளவுக்குப் பதிலாக இன்னோர் அளவை நிறுத்தி, அதை நீட்டியோ திருப்பியோ நிறைத்தோ விடை காண்பது அனலாக்.

அனலாக் கருவிகளும் நம் ஊரில் உண்டு. நாழிகை வட்டில் என்பது அடியில் நுண்துளை போட்ட கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், மூழ்கும். காலம் நீரின் மட்டமாகிவிடுகிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் நீர்க்கருவியைப் பார்த்து நேரம் சொல்ல ஆள்கள் இருக்கிறார்கள். வீட்டில் காத்திருக்கும் அரசிக்குக் காத்திருப்பு மட்டும் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் பூச்சந்தையில் இன்றைக்கும் பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல்நுனி வரை சரத்தை இழுத்துக் கிள்ளுகிறார். "ஒரு முழம் சேத்துப் போடும்மா" என்றால் சரத்தின் நுனியிலேயே அடுத்த முழத்தைத் தொடங்குகிறார். நீளத்தோடு நீளத்தை ஒட்டிக் கூட்டுவது. அரிசி களைந்து உலை வைக்கும்போது அரிசிக்கு மேல் ஒரு விரல்கணு தண்ணீர் நிற்க வேண்டும் என்று அப்பாயி சொல்லிக் கொடுத்தார். எத்தனை ஆழாக்கு அரிசி, எத்தனை ஆழாக்குத் தண்ணீர் என்ற கணக்கையே விரல் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

எங்கள் சித்தப்பா 1960-களின் கடைசியில் பொறியியல் படித்தார். அவரிடம் தோலுறையில் போட்ட ஸ்லைடு ரூல் ஒன்று இருந்தது. அவர் ஒருநாள் இரண்டு சட்டங்களை நகர்த்திக் கணக்குப் போட்டதை அப்பாயி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்னடா, பூக்காரி முழம் போடுற மாதிரில்ல இருக்கு" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள் என்று அத்தை சொல்வார். அப்பாயி சொன்னது சரி. சாதாரண அளவுகோல் இரண்டை ஒட்டி நகர்த்தினால் இரண்டும் மூன்றும் ஐந்தாகும். 1614-இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை அளவில் கோடு போட்ட சட்டங்களை ஒட்டி நகர்த்தினால் இரண்டும் மூன்றும் ஆறாகும். கூட்டல் பெருக்கலாகிவிடுகிறது. 1620-களில் ஆட்ரெட் செய்த ஸ்லைடு ரூலின் மொத்த இரகசியமும் இதுதான். பொறியாளர்கள் 350 ஆண்டு அதை வைத்துக்கொண்டுதான் பாலமும் கொதிகலனும் கட்டினார்கள். பூக்காரம்மாவின் முழத்துக்கும் அதற்கும் இடையே இருப்பது மடக்கை அட்டவணை மட்டும். அந்த அட்டவணை பள்ளிக்கூடத்தில் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் யார் இருந்தார்கள்? வாரன் சோழிக் கணக்கைக் குறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுத்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அவர்களில் ஆண்பிள்ளைகள் 1,84,110. மிச்சம் 4,540 பேர் பெண்பிள்ளைகள். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா என்று பின்னங்களை ஒப்பித்தவன் கணக்கப்பிள்ளையாக, கர்ணமாக வளர்ந்தான். யாருடைய நிலம் எவ்வளவு, யாருடைய கூலி எவ்வளவு என்பதை அவன் ஏடு சொன்னது. தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடம் கிடையாது. நெல்லை அறுத்தவளும் குத்தியவளும் அந்த ஏட்டில் வாங்கும் கையாக மட்டும் இருந்தார்கள். "எழுத்துல இருந்தாக் கொண்டா" என்று 1973-இல் அப்பாயியிடம் கேட்ட குரலுக்கு அவ்வளவு பழக்கம் இருந்தது.

இதே சோழிகள் பெண்களின் கையிலும் இருந்தன. அங்கே அவற்றுக்குப் பல்லாங்குழி என்று பெயர், விளையாட்டு என்று வகை.

அப்பாயியின் சோழிகள் பல்லாங்குழிச் சோழிகள்தாம். பதினான்கு குழி. எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறுங்குழி என்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. நன்றாக ஆடுகிறவர்கள் கையை வைப்பதற்கு முன்பே, எந்தக் குழியை அள்ளினால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துவிடுவார்கள்.

அப்படி ஆடுகிறவர் என் அத்தை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது பெரியவளானார். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. கணக்கில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர். ஒவ்வொரு மாதமும் மூன்று நாள் கொல்லைப்புற அறையில் தனியே இருக்க வேண்டும். அங்கே அவருக்குக் கொடுத்தது ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு பல்லாங்குழிப் பலகை. எதிரே ஆள் இல்லாமல் இரண்டு பக்கமும் தானே ஆடினார். தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, ஸ்லைடு ரூல் வாங்கியது அப்பாயியின் பால் காசில். அத்தை தினமும் சாணி அள்ளி, தீவனம் வைத்து, மாட்டைக் குளிப்பாட்டிச் சேர்த்த காசு அது. இதைச் சொல்லும்போது அத்தையின் குரலில் கோபம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

போன மாதம் அத்தையிடம் கேட்டேன். "ஒரு குழியில முப்பத்திரண்டு இருக்குன்னு வைங்க அத்தை. அள்ளிப் போட்டா கடைசிச் சோழி எங்க விழும்?" அத்தைக்கு இப்போது எழுபத்தேழு வயது. யோசிக்கவே இல்லை. "ரெண்டு சுத்து சுத்தி அதே குழிக்கு வந்துரும். மிச்சம் நாலு. நாலாவது குழி. பதினாலு பதினாலா தள்ளிட்டு மிச்சத்தப் பாத்தாப் போதும், சுத்து எதுக்கு?" என்றார்.

முழுச் சுற்றைத் தள்ளு, மிச்சத்தை வை. வாரனின் பஞ்சாங்கக்காரர் 248-ஐ வைத்துச் செய்ததை அத்தை பதினான்கை வைத்துச் செய்கிறார். இன்று ஒவ்வொரு கணினிக்குள்ளும், வங்கிக் கடவுச்சொற்களைப் பூட்டும் கணக்குக்குள்ளும் இருப்பது இந்த மிச்சக் கணக்குத்தான். என் மாணவிகள் அதற்கு இரண்டாமாண்டில் ஒரு தாள் எழுதுகிறார்கள். பல்லாங்குழியிலிருந்து பஞ்சாங்கம் பிறந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்று இல்லை. சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒரே சோழி, ஒரே தரை, ஒரே வகைக் கணக்கு. ஓர் ஆண் வாசலில் உட்கார்ந்து செய்ததைச் சாஸ்திரம் என்று பாரிஸ் வரை கொண்டுபோனார்கள். ஒரு பெண் கொல்லையில் உட்கார்ந்து செய்ததைப் பொழுதுபோக்கு என்று பலகையை மூடி வைத்தார்கள்.

அப்பாயியின் முறையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆழாக்கு, உழக்கு, உரி என்ற மூன்று பாத்திரங்களை ஒவ்வொரு தடவை மட்டும் ஊற்றி, ஓர் ஆழாக்கிலிருந்து ஏழு ஆழாக்கு வரை எந்த அளவையும் கொடுக்கலாம். ஒன்று, இரண்டு, நான்கு. கணினி எண்களை எழுதி வைப்பது இந்த இரட்டிப்பு வரிசையில்தான். எட்டுக் கொட்டைக்கு ஒரு சோழி என்பது, ஒன்றாம் இடம் நிறைந்ததும் அடுத்த இடத்துக்கு ஒன்றைக் கொண்டுபோகும் அதே செயல். சுவரில் ஒரு பதிவு, கொட்டாங்கச்சியில் அதன் நகல். ஒன்று அழிந்தாலும் மற்றது இருக்கும் என்று இரண்டு இடத்தில் வைத்தார். அவர் எதிர்பாராத ஒன்று, நகலைக் கொண்டுவந்து காட்டினாலும் நம்பமாட்டார்கள் என்பது.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்த கதையையும் அப்பாயி சொல்வார். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தது நூறு பைசா ஆனது. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வர வேண்டும், ஆனால் கால் பைசா கிடையாது. ஓர் அணாவுக்கு ஆறு பைசா என்று மாற்றினார்கள். அப்போது ஆழாக்குப் பால் ஓர் அணா என்பார். தினம் தினம் காசு வாங்கினால் தினம் கால் பைசா போகும். "நாலு ஆழாக்கு சேந்தப்புறம் மொத்தமாக் குடுங்க, இருபத்தஞ்சு பைசா" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டாராம். பின்னம் எங்கே கரைகிறது, எங்கே நிறுத்தினால் கரையாது என்று கண்டுபிடித்துவிட்டார். மென்பொருளில் இதை முழுமையாக்கல் பிழை என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

பெண்கள் தரையில் செய்ததைக் கணிப்பு என்று அடையாளம் கண்ட ஒரு தருணமும் நம் வரலாற்றில் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், கணினிக் கோட்பாட்டில் நம் நாட்டின் முன்னோடிகளான ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்து, ஒரு சிறு வடிவத்தை விதிப்படி திரும்பத் திரும்ப வளர்த்துப் பெரிய கோலமாக்குவதை ஓர் இலக்கணமாக எழுதலாம், அந்த இலக்கணத்தைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். எழுதிய மூவரில் இருவர் பெண்கள். அதற்குப் பிறகு உலகில் பலர் கோலத்தைக் கணிதமாகப் படித்தார்கள். அந்தக் கட்டுரை வந்தபோது அத்தைக்கு இருபத்தாறு வயது இருக்கும். தென்னூரில் தினமும் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் என்ற சொல்லே முதலில் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. ஹார்வர்ட் வானாய்வகத்தில் குறைந்த கூலிக்கு விண்மீன்களை அளந்த பெண்கள் அப்படித்தான் அழைக்கப்பட்டார்கள். 1946-இல் எனியாக் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியபோது அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களை யாரும் மேடையில் அறிமுகப்படுத்தவில்லை. இயந்திரத்துக்கு அருகில் நிற்கும் அழகிகள் என்றே பிற்காலத்தில் படம் பார்த்தவர்கள் நினைத்தார்கள். எனவே லால்குடி மாணவிக்கு என் பதில்: பட்டியலில் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் எண்ணாதது இல்லை. அவர்கள் எண்ணியது வெள்ளையடிக்கும் சுவரில் இருந்தது.

தென்னூர் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கொட்டாங்கச்சிகளை எப்போதோ அடுப்பில் போட்டுவிட்டோம். சோழிகளில் முப்பத்தெட்டு அத்தையிடம் இருக்கின்றன. இந்த ஆண்டு முதல் வகுப்பில் பாபேஜுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். மாணவிகள் ஒவ்வொருவரும் வீட்டில் மூத்த ஒரு பெண்ணிடம், எழுதத் தெரியாதபோது அல்லது எழுத நேரமில்லாதபோது எப்படிக் கணக்கு வைத்தார் என்று கேட்டு எழுதி வர வேண்டும். முசிறியிலிருந்து வரும் ஒருத்தி, நடவுக் கூலிக்குப் பாட்டி முந்தானையில் போட்ட முடிச்சுகளைப் பற்றி எழுதினாள். இன்னொருத்தி, சித்தி வட்டிப் பணத்துக்குச் சமையலறைக் கதவின் பின்னால் வைக்கும் சாந்துப் பொட்டுகளை எழுதினாள்.

நானும் என் பங்குக்கு எழுதி வைத்துவிட்டேன். புள்ளி ஓர் ஆழாக்கு. கோடு ஓர் உழக்கு. பெருக்கல் குறி ஓர் உரி. எட்டுப் புளியங்கொட்டைக்கு ஒரு சோழி. அந்த வீட்டுக் கணக்கு 1973 மார்கழியில் பதினோரு படி, ஓர் ஆழாக்கு. அதில் ஒன்பது ஆழாக்குக்கு இன்னும் காசு வரவில்லை.